இலை போட்டாச்சு, வாங்க!

பிடித்த உயிரினம் எது என்று கேட்டால் யானை என்பார்கள், மயில் என்பார்கள். நான் நெல் வயலின் இலைச்சுருட்டுப் புழு என்பேன். சொன்ன கையோடு இரண்டடி தள்ளியும் நின்றுகொள்வேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாலு மா நிலமாவது வைத்திருப்பவர் காதில் இது விழுந்தால், அடி விழாவிட்டாலும் வசவு நிச்சயம். சம்பாவும் தாளடியும் தூர் கட்டிப் பச்சைப்பசேலென்று நிற்கிற நேரத்தில், தோகை தோகையாய்ச் சுருட்டி வெளுக்க வைக்கிற ஜந்து அது. உரக்கடைக்காரர் வேண்டுமானால் அதை நேசிக்கலாம்; வெள்ளாமை செய்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு நேசிக்க முடியுமா?

முடியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்சும், சேற்றில் கால் வைக்கக் கூச்சமில்லாத மனசும் இருந்தால் போதும். அதன்பிறகு நீங்களும் என்னைப்போல் ஆகிவிடுவீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் காப்பி கொடுத்த கையோடு வயலுக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். போகிறவர்கள் முதலில் சங்கடமாகச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் லென்சைத் திருப்பித் தர மாட்டார்கள்.

முதலில் பூச்சியைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வெயில் ஏறும் முன் வரப்பில் நடந்தால், காலடிக்கு முன்னால் பயிரிலிருந்து வைக்கோல் நிறத்தில் ஏதோ ஒன்று விருட்டென்று கிளம்பும். நாலைந்து முழம் பறக்கும். மறுபடி ஒரு தோகையில் ஒட்டிக்கொண்டு காணாமல் போய்விடும். அதுதான் நம் ஆள். இறக்கையை விரித்தால் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். வெறுங்கண்ணுக்கு ஏதோ ஒரு விளக்குப்பூச்சி. லென்சுக்கு அடியில் வையுங்கள்! பொன்மஞ்சள் இறக்கை, அதன் குறுக்கே நெளிந்து ஓடும் இரண்டு கரும்பழுப்புக் கோடுகள், இரண்டுக்கும் நடுவே பாதி வழியில் நின்றுபோன ஒரு குட்டைக் கோடு, ஓரம் முழுக்க அகலமான கரும்பட்டை. ஆண் பூச்சியாக இருந்தால் முன்னிறக்கையின் மேல் விளிம்பில் நடுவாகக் கறுத்த செதில்களால் ஒரு குட்டிக் குஞ்சமும் இருக்கும். அந்தக் குஞ்சத்தை முதன்முதலில் கண்டுகொண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதற்கு அறிவியல் பெயர் நாஃபலோக்ரோசிஸ் மெடினாலிஸ். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் அஷீல் கெனே 1854இல் இதை முதலில் விவரித்து எழுதினார். நம் ஊர்ச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று நெல் விளைகிற பல நாடுகளில் இது இருக்கிறது. ஜப்பானின் பெரும்பகுதியில் குளிர்காலத்தைத் தாங்க இதற்குத் தெம்பில்லை. அதனால் ஆண்டுதோறும் தென்சீனப் பக்கத்திலிருந்து பருவக்காற்றில் ஏறி, கிழக்குச் சீனக் கடலைத் தாண்டி, அங்கே நடவு முடிந்த வயல்களில் போய் இறங்குகிறது. நம் காலடியில் நாலு முழம் பறப்பதற்குள் களைத்துப்போனதாகக் காட்டிக்கொள்கிற அதே பூச்சி!

இனிச் சுருட்டுக்கு வருவோம். என் பைத்தியமெல்லாம் அதில்தான்.

தாய்ப்பூச்சி இரவில் தோகையின் நடுநரம்பை ஒட்டித் தட்டையான, வெளிர் மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாகவோ சிறு வரிசையாகவோ வைக்கும். நாலைந்து நாளில் புழு பொரிந்து, இன்னும் முழுசாக விரியாத நடுக்குருத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த வயசில் உடம்பு கண்ணாடி. உள்ளே தின்ற பச்சை அப்படியே தெரியும். ஒன்றிரண்டு தடவை தோலுரித்துக் கொஞ்சம் வளர்ந்ததும் தனிக்குடித்தனம் போகிறது. விரிந்த தோகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல்பக்கம் நின்றுகொண்டு தலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஆட்டத் தொடங்கும். ஆட்டுகிற ஒவ்வொரு தடவையும் வாயிலிருந்து ஒரு பட்டிழை வந்து இரண்டு ஓரத்தையும் இணைக்கும். நம் கண்ணுக்கே தெரியாத இழை. அது காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது இரண்டு ஓரமும் ஒரு மயிரிழை நெருங்கி வரும். நெருங்கியதும் புழு அடுத்த இழையை இன்னும் குட்டையாகப் போடும். அது காயும், இன்னும் நெருங்கும். நெல் தோகை எத்தனை விறைப்பு என்று கையை அறுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். அந்த விறைப்பைத் தன் உடம்பு பலத்தால் அந்தப் புழு ஜெயிக்கவே முடியாது. ஈர இழை காய்ந்து இழுக்கும் இழுப்பை நூற்றுக்கணக்கில் சேர்த்துச் சேர்த்து ஜெயிக்கிறது. கடைசியில் தோகை நீளவாக்கில் மடிந்து குழலாகிறது. ஓரத்தில் வெள்ளைத் தையல் வரிசையாகத் தெரியும்.

உள்ளே போன பிறகு நடப்பது இதைவிட அழகு. புழு தன் வீட்டுச் சுவரையே தின்கிறது. ஆனால் சுவரில் ஓட்டை விழுவதில்லை! உள்பக்கத்துப் பச்சையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, வெளிப்பக்கத்து மெல்லிய தோலை அப்படியே விட்டுவைக்கும். நாம் வரப்பிலிருந்து பார்க்கிற வெள்ளைக் கோடுகள் அந்தச் சுரண்டலின் தடம்தான். தூர நின்று பார்த்தால் வயலே கருகினமாதிரி இருக்கும். கிட்டே போய் ஒரு தோகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தக் கோடுகள் வழியாக வானம் தெரியும். சுருட்டை மெல்லப் பிரித்துப் பாருங்கள். மணல் மணலாய் எச்சம் கிடக்கும். நடுவில் பச்சைமஞ்சள் புழு ஒன்று அரை நொடி திகைத்து நிற்கும். அடுத்த நொடி உடம்பை வெட்டி வெட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்து, இழையில் தொங்கித் தண்ணீருக்கு மேலே இறங்கிவிடும். முன்னால் போகிற வேகத்தைவிடப் பின்னால் போகிற வேகம் அதற்கு அதிகம். ஒரு தோகை தீர்ந்தால் அடுத்த தோகை, புதுச் சுருட்டு. இரண்டு மூன்று வாரம் இப்படி. பிறகு உடம்பில் ஆரஞ்சுச் சாயல் ஏறும், சுருட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும், ஒரு வாரம் போல் கழித்துப் பூச்சியாகி வெளியே வரும். முட்டையிலிருந்து பூச்சி வரை சுமாராக ஒரு மாதத்துக் கதை.

இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்குள் புழு நிம்மதியாக இருக்கிறதா? அதுதான் இல்லை! கல்யாண வீட்டில் பந்தி பந்தியாக உட்காருவார்களே, இந்தப் பூச்சியின் ஒரு மாத வாழ்வு முழுக்க அப்படித்தான் கூட்டம் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறது. நெல் வயலில் நான் கண்ட அற்புதமெல்லாம் இந்தப் பந்திதான்.

முதல் பந்தி முட்டைக்கு. இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போனால், பயிரின் மேலேயே வாழும் சின்னஞ்சிறு சிள்வண்டுகள் மீசையை நீட்டித் தோகையைத் தடவிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். நெல் வயலில் இவை முட்டைப் பிரியர்கள். இலைச்சுருட்டியின் முட்டை என்றால் விடுவதே இல்லை. பொறிவண்டுகளும் வந்து ஒன்றிரண்டைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். ஆனால் இந்தப் பந்தியின் ராணி டிரைக்கோகிரம்மா. அரை மில்லிமீட்டர் உடம்புள்ள குளவி! ஒரு முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. அதன் பிள்ளை உள்ளே இருப்பதைத் தின்று, அங்கேயே வளர்ந்து, குளவியாகத் துளை போட்டு வெளியே வருகிறது. குளவி புகுந்த முட்டை சில நாளில் கறுத்துவிடும். மஞ்சள் முட்டை வரிசையில் நடுவே கரிய முட்டைகளை நீங்கள் லென்சில் பார்த்தால், அங்கே ஒரு புழு பிறக்காமலே தடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வேளாண் துறை சொல்லும் ஒட்டுண்ணி அட்டை இந்தக் குளவியைத்தான் சுமந்து வருகிறது. நட்ட 37, 44, 51ஆம் நாட்களில் ஏக்கருக்கு 2 சிசி அட்டை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது.

இரண்டாம் பந்தி புழுவுக்கு. இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறியும். சிலந்தி சுருட்டுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். குருவி சுருட்டைக் கிழிக்க வேண்டும். சிரமம் இல்லாமல் உள்ளே நுழைய ஒருவர் இருக்கிறார்: ஓஃபியோனியா என்ற தரைவண்டு. நீண்ட கழுத்து, ஒடுங்கிய உடம்பு, செம்பழுப்பும் கறுப்புமாகப் பட்டை. சுருட்டின் வாயில் தலையை நுழைத்தால் முழு உடம்பும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அந்தக் குழலுக்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு! ஒரு வண்டு நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து புழுக்களைத் தின்னும் என்று பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1987இல் வெளியிட்ட சிறு கையேடு சொல்கிறது. ஒருநாள் காலை பிரித்த சுருட்டில் புழு இல்லை. இந்த வண்டு உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் புழுவின் தலை ஓடு மட்டும். பிரித்ததற்கு அது கோபித்துக்கொண்டமாதிரி என் விரல்மேல் ஏறி ஓடி, பக்கத்துத் தூரில் இறங்கி, அடுத்த சுருட்டைத் தேடிப் போய்விட்டது. வேலை நேரத்தில் தொந்தரவு செய்துவிட்டேன் போலிருக்கிறது.

அடுத்தது குளவிகள். கோனியோசஸ் என்று ஒரு கறுப்புக் குளவி. எறும்பென்றே ஏமாந்துபோவீர்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதன் உறவுக்காரரைத் தெரியும்; கருந்தலைப் புழுவை அடக்கத் தோப்பில் விடுகிறார்களே, அந்த வம்சம். இது சுருட்டுக்குள் நுழைந்து புழுவைக் கொட்டி அசையாமல் செய்யும். அதன் உடம்புமேல் தன் முட்டைகளை ஒட்டும். பிறகு ஓடிப்போகாமல் பக்கத்திலேயே காவல் இருக்கும். அந்தக் காவலை நேரில் பார்த்தவர்கள் குளவி என்றால் கொட்டும் என்று மட்டும் இனிச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு குளவியின் கதை நம்பவே முடியாதது. கோப்பிடோசோமோப்சிஸ் என்று பெயர். பெயரைவிட ஆள் மிகமிகச் சிறிசு. இலைச்சுருட்டியின் முட்டைக்குள் இது தன் முட்டையை வைக்கும். ஆனால் அந்த முட்டையைக் கொல்லாது. புழு பொரியும், வளரும், சுருட்டு கட்டும், வழக்கம்போல் தின்னும். உள்ளே குளவியின் ஒற்றைக் கரு இரண்டாகி, நாலாகி, நூற்றுக்கணக்காகப் பிரிந்துகொண்டே போகும். கடைசியில் புழு கூட்டுப்புழுவாகப் போகிற நேரத்தில் பார்த்தால், தோலுக்குள் புழுவே இல்லை; நெருக்கி அடுக்கிய குளவிக் குஞ்சுகள்தான்! ஒரே புழுவிலிருந்து ஒரு படையே கிளம்பும். இதை நான் யாரிடம் சொன்னாலும் சினிமாக் கதை என்கிறார்கள். வயலுக்கு வாருங்கள் என்கிறேன்.

தின்னப்படும் நெற்பயிரும் சும்மா நிற்பதில்லை. புழு சுரண்டியதும் பயிரிலிருந்து கிளம்பும் வாசனை மாறிவிடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் பல குளவிகள் வருகின்றன. ஆக, பந்திக்கு அழைப்பு வைப்பது நெல்!

மூன்றாம் பந்தி கூட்டுப்புழுவுக்கு. சாந்தோபிம்ப்லா என்ற ஆரஞ்சு மஞ்சள் குளவி. கரும்புள்ளிகள் வைத்த மேனி, வயலில் பறக்கும்போது பட்டப்பகலில் பளிச்சென்று தெரியும். சுருட்டுக்கு வெளியே நின்றபடி மீசையால் தட்டித் தட்டி, உள்ளே கூடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, முட்டையிடும் ஊசியைச் சுருட்டின் வழியாகவே செலுத்தும். பிராக்கிமீரியா என்று இன்னொன்று, தடித்த பின்தொடைகளோடு. ஒரு பூச்சி வெளியே வரவேண்டிய கூட்டிலிருந்து ஒரே ஒரு குளவி வெளியே வரும். நடுநடுவே வெள்ளை மாவு பூத்து விறைத்துக் கிடக்கும் புழுக்களும் கிடைக்கும்; அவற்றைத் தின்றது பூஞ்சாணம். மழை பெய்து வானம் மூடியிருக்கும் நாட்களில் அவருக்கும் ஒரு இலை உண்டு.

இதையெல்லாம் தப்பிப் பூச்சியாகிவிட்டால் நாலாம் பந்தி தயாராக இருக்கிறது. பயிருக்குள் லிங்க்ஸ் சிலந்தி வலை கட்டாமல் வேட்டையாடும்; நாளைக்கு இரண்டு மூன்று அந்துப்பூச்சி அதன் கணக்கு. நீள்தாடைச் சிலந்தி தோகையோடு தோகையாகக் காலை நீட்டிப் படுத்திருக்கும். பொழுது சாய்ந்தால் வலை போடும். தட்டான்கள் மேலே, ஊசித்தட்டான்கள் பயிருக்கிடையில். நாம் வரப்பில் நடந்து பூச்சியைக் கிளப்புகிறோம் என்பது கரிச்சான் குருவிக்குத் தெரியும். பறவைதாங்கியாக நட்ட குச்சியில் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். நாம் அடி வைக்க வைக்க, அது பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். நம்மை வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே பறவை அதுவாகத்தான் இருக்கும். இருட்டியதும் வௌவால்கள். கீழே விழுகிற புழுவுக்குத் தண்ணீர் ஓரத்தில் ஓநாய்ச் சிலந்தியும் தவளையும். ஒரு காலத்தில் நம் வயல்களிலிருந்து தவளையைப் பிடித்துக் காலை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்; 1987இல் அந்த ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. அதுவரை பந்தியில் ஒரு வரிசையே காலியாகிக்கொண்டிருந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாய்ப்பூச்சி நூறு முட்டை வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையிலும் பூச்சியின் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் இருக்க வேண்டுமானால் அந்த நூறில் இரண்டு பிழைத்தால் போதும், ஓர் ஆண், ஒரு பெண். மிச்சம் தொண்ணூற்றெட்டும் எங்கே போயின? மேலே சொன்ன எல்லார் வயிற்றிலும்தான். நெல்லின் பச்சையை நேரடியாகத் தின்ன முடியாத ஒரு கூட்டத்துக்கு, அந்தப் பச்சையைச் சதையாக மாற்றித் தருவது இந்தப் பூச்சி. குளவி, வண்டு, சிலந்தி, தவளை, கரிச்சான் எல்லாம் நெல் சாப்பிட்டுத்தான் வாழ்கின்றன. இந்தப் புழு வழியாக.

"அப்படியானால் பூச்சி வருமுன் சிலந்தியெல்லாம் எதைத் தின்று உயிரோடு இருந்தது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, இதற்கு விடை சேற்றில் இருக்கிறது. இந்தோனேசியாவின் ஜாவா வயல்களில் செட்டில் என்பவரும் அவர் சகாக்களும் செய்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. நட்ட புதிதில் வயல் நீரிலும் சேற்றிலும் மக்கும் பொருளைத் தின்று, கொசு ஜாடையில் கடிக்காத குட்டி ஈக்கள் கோடிக்கணக்கில் உருவாகின்றன. சிலந்திகளும் மற்ற வேட்டைக்காரர்களும் அவற்றைத் தின்று முதலிலேயே பெருகிவிடுகின்றன. இலைச்சுருட்டியும் மற்றவையும் வந்து சேரும்போது அவை பசியோடு, படையோடு காத்திருக்கின்றன. தொழுவுரமும் இலைதழையும் போட்டு மிதித்த நம் பாட்டன் வயலுக்கு இருந்த காவல் இதுதான்.

இப்போது மருந்துக்கு வருவோம். என் சித்தப்பா வயலில் ஒரு தாளடிக்கு நான் இப்படித்தான் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். சித்தப்பா மேல்வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏண்டா, புழுவுக்குப் பேன் பாக்குறியா? ஊரே மருந்து அடிச்சு முடிச்சிடுச்சு."

"இருங்க சித்தப்பா, எத்தனை தோகைல இருக்குன்னு எண்ணிட்டுச் சொல்றேன்."

"எண்ணி? எண்ணி அதுக்கெல்லாம் ரேஷன் கார்டா வாங்கிக் குடுக்கப் போறே?"

எண்ணித்தான் ஆக வேண்டும் என்பது என் வாதம். தூர் கட்டும் பருவத்தில் நூறு தோகைக்குப் பத்தில் சேதம் இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரம்பு. பூக்கும் பருவத்தில், கதிரை ஒட்டிய கடைசித் தோகையான கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து. கதிருக்குப் பால் ஏற்றுவதில் கண்ணாடி இலைக்குப் பெரும் பங்கு இருப்பதால் அங்கே வரம்பு கறார். அதை நானும் மதிக்கிறேன். அதற்கு முன்னால் சில தோகை வெளுத்தால் பயிர் புதுத் தோகை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். சித்தப்பா வயலில் எண்ணியபோது பத்துக்கு ரொம்பக் கீழே இருந்தது. பிரித்த சுருட்டில் பல காலி. சிலவற்றில் வெள்ளைக் குளவிக்கூடு. அதை லென்சில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "நம்ம வயல்லயா இதெல்லாம் நடக்குது?" என்றார். அந்தத் தடவை தெளிப்பான் கொட்டகையிலேயே கிடந்தது. பக்கத்து வயல் கண்ட அளவு எங்களுக்கும் கண்டது. மருந்துக் காசு மிச்சம்.

அவசரப்பட்டு அடித்தால் என்ன ஆகும் என்பதும் உலகம் பார்த்த கதைதான். புழு சுருட்டுக்குள், சிலந்தியும் குளவியும் வெளியே. மருந்து முதலில் யார்மேல் விழும்? காவல் போன வயலில் அடுத்து இறங்குவது புகையான் என்ற தத்துப்பூச்சி. இந்தோனேசியாவில் அப்படிப் புகையான் கொள்ளைபோல் பரவித்தான் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளை அரசு தடை செய்தது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990களில் நடந்தது இன்னும் சுவாரசியம். கே. எல். ஹியோங், எஸ்கலாடா முதலிய ஆய்வாளர்கள் விவசாயிகளிடம் பேசியபோது, தொடக்கத்தில் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி இலை தின்னும் புழுக்களுக்காக, அதிலும் நம் இலைச்சுருட்டிக்காக அடிப்பதாகத் தெரிந்தது. வெளுத்த தோகை கண்ணை உறுத்துகிறது, கை தெளிப்பானுக்குப் போகிறது! "முதல் 40 நாள் தெளிக்காதீர்கள், வேண்டுமானால் ஒரு மூலையில் தெளிக்காமல் விட்டு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று சொன்னார்கள். துண்டறிக்கை போட்டார்கள், வானொலியில் நாடகம் போட்டார்கள். மருந்தடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு புழுவுக்காக வானொலி நாடகம்! நான் அந்த ஊரில் பிறந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

புழுவே கூடாது என்று துடைத்தெடுத்தால் ஓஃபியோனியா பட்டினி, கோனியோசஸ் பட்டினி, அந்தப் படைக்குளவிக்கு வம்சமே இல்லை. அடுத்த பருவத்தில் காற்றில் வந்து இறங்கும் புதுப்பூச்சிகளை வரவேற்க வயலில் யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்சம் புழு இருந்துகொண்டே இருப்பதுதான் நிறையப் புழு வராமல் இருக்க வழி. இதை நான் புத்தகத்தில் படித்தபோது தலையை ஆட்டினேன். சுருட்டைப் பிரித்துப் பார்த்துப் பார்த்துத்தான் நம்பினேன். யூரியாவை அள்ளிக் கொட்டாமல் பிரித்துப் போட்டாலே பாதிப் புழு வராது; கருகருவென்று கொழுத்த பயிர்தான் தாய்ப்பூச்சிக்குப் பிரியம். நெருக்கி நடாமல் வெளிச்சம் விழ விடுங்கள். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ போட்டால் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும், உங்களுக்குச் சாம்பாருக்கும் ஆச்சு. நிலைமை மீறினால் முள்கிளை கட்டிய கயிற்றை இரண்டு பேர் பயிர்மேல் இழுத்துக்கொண்டு போனால் சுருட்டு பிரிந்து புழு தண்ணீரில் விழும். தவளைக்குச் சொல்லி அனுப்பவே வேண்டாம்.

சரி, எப்போது கிளம்புகிறீர்கள்? டெல்டா என்றால் ஐப்பசி மழை விட்டதிலிருந்து பொங்கல் வரை நல்ல காலம். காலையில் சீக்கிரம் போங்கள். பனித்துளி உலராத நேரத்தில் சிலந்தி வலையெல்லாம் தனியாகத் தெரியும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள், தூரை மிதிக்காதீர்கள். வெளுத்த தோகையாகப் பார்த்து ஒன்றைப் பிடித்து, நகத்தால் தையலை மெல்லப் பிரியுங்கள். புழு இருந்தால் அதன் பின்பாய்ச்சலைப் பாருங்கள். வண்டு இருந்தால் கும்பிடு போடுங்கள். வெள்ளைக்கூடோ அசையாத புழுவோ இருந்தால் சுருட்டோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வீட்டில் வையுங்கள். சில நாளில் யார் வெளியே வருகிறார்கள் என்று பிள்ளைகளோடு சேர்ந்து பந்தயம் கட்டலாம். இரவு திரும்பவும் டார்ச்சோடு போக முடிந்தால் போங்கள், சிள்வண்டுகளை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு நிபந்தனை: மருந்து அடித்த வயலில் மட்டும் இறங்காதீர்கள். உங்கள் உடம்புக்கும் ஆகாது, பார்ப்பதற்கும் அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.